காதைக் காட்டு

பார்லர் அக்காவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னதும், "மொத்தமாவா எழுதப் போற?" என்று கேட்டார். "மொதல்ல ரெண்டு வரி எழுது. எனக்கு அனுப்பு. ரெண்டு நாள் வுட்டு, எதுனா ஆச்சான்னு பாத்துட்டு மீதிய எழுது." நான் அப்படிச் செய்யவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எங்கள் இருவருக்கும் நடந்த சண்டைக்கெல்லாம் இந்தப் பொறுமைதான் காரணம். அவரிடம் அது மூட்டைக் கணக்கில் இருந்தது, என்னிடம் ஒரு படிகூடக் கிடையாது. பேரை மட்டும் போட்டுவிடாதே என்றார். போடவில்லை.

ஒரகடம் ஜங்ஷனிலிருந்து வல்லம் வடகால் போகிற ரோட்டில் ஒரே கட்டடத்தில் வரிசையாக மூன்று கடைகள். அந்த ஓரத்தில் பிரியாணிக் கடை, நடுவில் அவருடைய பியூட்டி பார்லர், இந்த ஓரத்தில் என் தையல் கடை. எனக்கும் அவருக்கும் நடுவில் சுவர் கிடையாது, பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் எனக்கு நூல் அறுந்துவிடும். அங்கே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். என் மிஷின் ஓடுகிற வேகத்தை வைத்தே என் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரிந்துவிடும். "இன்னாமே, காலையிலயே வூட்டுக்காரரோட மல்லுக்கட்டா? மிஷினு இந்த ஓட்டம் ஓடுது" என்று தடுப்பைத் தாண்டிக் குரல் வரும்.

முடிக்குச் சாயம் அடிக்க யார் வந்தாலும் அவர் சொல்கிற முதல் வார்த்தை, "காதைக் காட்டு." வாங்க கிடையாது, உக்காருங்க கிடையாது. எடுத்த எடுப்பில் காது.

"தலைக்குத்தானக்கா டை அடிக்க வந்தேன், காது எதுக்கு?"

"தலை சும்மா இருக்கும். காதுதான் வாயத் தொறந்து உண்மைய சொல்லும். காட்டு."

சாயத்தை ஒரு துளி கலந்து, பட்ஸில் தொட்டு, காதுக்குப் பின்னால் பொட்டு அளவு வைப்பார். ரெண்டு நாள் அங்கே தண்ணீர் படக் கூடாது. அரித்தாலோ சிவந்தாலோ உடனே கழுவிவிட்டுப் போன் பண்ண வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் நேரில் வர வேண்டும். வந்த பிறகும் ஜன்னல் வெளிச்சத்தில் காதை மடக்கிப் பார்த்த பிறகுதான் தலையில் கை வைப்பார்.

இதை வேறு எங்காவது வைத்துச் செய்தால் பரவாயில்லை. எங்கள் ரோட்டில் வருகிறவர்கள் எல்லாம் கம்பெனிப் பெண்கள். ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி, அடுத்த வேன் வருவதற்குள் புருவம் திருத்திக்கொண்டு ஓடுகிறவர்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு, அதிலும் பாதி நாளைக் கம்பெனியில் ஓவர்டைம் என்று பிடுங்கிக்கொள்வார்கள். அவர்களிடம் போய் ரெண்டு நாள் கழித்து வா என்றால் யார் வருவார்கள்? ஜங்ஷனில் இருந்த இன்னொரு பார்லரில் நுழைந்த அரை மணி நேரத்தில் தலையைக் கறுப்பாக்கி அனுப்பிவிடுவார்கள். பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள்.

"வர்ற லட்சுமிய இப்புடி காதைத் திருகி அனுப்புறியேக்கா" என்று நான் கத்துவேன்.

"போவட்டும்மே. நல்லா இருந்தா சந்தோசம். மூஞ்சி வீங்குனா இங்கதான் வருவா. அப்பவும் நான் காதைத்தான் பாப்பேன்."

ஒன்று சொல்ல வேண்டும். டெஸ்ட்டுக்குச் சம்மதித்து உட்காருகிறவர்களை அவர் பார்த்துக்கொள்கிற விதமே தனி. வேலை செய்யும்போது போடுகிற தொப்பியின் எலாஸ்டிக் காதில் எந்த இடத்தில் உட்காரும் என்று கேட்டு, அதற்குக் கொஞ்சம் கீழே வைப்பார். எலாஸ்டிக் உரசிச் சிவந்ததா, சாயத்தால் சிவந்ததா என்று பிறகு குழப்பம் வரக் கூடாது என்பது அவர் கணக்கு.

முகம் அவருக்கு ஞாபகமே இருக்காது. அது அவர் தப்பும் இல்லை. லாரிப் புழுதிக்குப் பயந்து எல்லாப் பெண்களும் துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக் கண்ணை மட்டும் விட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வருவார்கள். அதனால் அவர் காதை வைத்துத்தான் ஆளை நினைவு வைத்திருந்தார். "அந்த ஒட்டுக் காது வந்துச்சா?" என்பார். "ரெண்டாவது ஓட்டை தூர்ந்துபோச்சே, அந்தப் பொண்ணுக்கு ரிசப்ஷன் பிளவுஸு தெச்சிட்டியா?" என்பார். எனக்கு அளவு எடுக்கிற நோட்டில் பெயர் இருக்கும், அவருக்குக் காது இருக்கும். ஒரு நாள் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணின் காதைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "நாளிக்கு வரணும் நீ, மறந்துடாத" என்று தோளைத் தட்டினார். அந்தப் பெண் பயந்துபோய் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டது.

இந்த டெஸ்ட் சாயத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அவருக்கு உலகத்தில் எல்லாமே பாக்கெட்டில் வந்த சாயம்தான். எதையும் கொஞ்சமாக வைத்துப் பார்த்து, ரெண்டு நாள் விட வேண்டும்.

கடைக்குப் பெயிண்ட் அடிக்க ஒருத்தரைக் கூப்பிட்டார். உள்ளங்கை அகலத்துக்கு வெளிர்பச்சை அடிக்கச் சொன்னார். "ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்றேன், அப்பால வாங்க" என்றார். அந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா? பிள்ளைப்பாக்கத்தில் புதிதாகக் கட்டின வீடு ஒன்றை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சுவரில் அந்தப் பச்சை உள்ளங்கை, நாங்கள் அந்தக் கட்டடத்தில் இருந்த வரைக்கும் அப்படியே இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு அம்மா அதற்குக் குங்குமமே வைத்துவிட்டுப் போனார்.

என்னையே அவர் டெஸ்ட்டில்தான் வைத்திருந்தார். முதல் தடவை ஒரே ஒரு பிளவுஸ் துணி கொடுத்தார், அதுவும் பழைய புடவையோடு வந்த துணி. தைத்துக் கொடுத்தேன். துவைத்தார், காயப்போட்டார், மறுபடி துவைத்தார். கை தூக்கிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். மூன்று மாதம் ஆயிற்று. "இன்னாக்கா, மீதித் துணி வருமா, நான் பாஸா ஃபெயிலா?" என்று கேட்டேன். "கைத் தையல் இன்னும் ஒரு மழைக்காலம் தாங்குதான்னு பாக்கணும்மே" என்றார். நான் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரமும் தினமும் சாப்பாட்டு வேளையில் தடுப்புக்கு மேலாக ஒரு டப்பாவில் குழம்பு வந்தது. குழம்பை எப்படித் திருப்பி அனுப்புவது? சாப்பிட்டேன்.

பிரியாணிக் கடை திறந்த அன்று பாய் அக்கம்பக்கக் கடைக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு தட்டு கொடுத்தார். நாங்கள் எல்லாம் விரல் வரைக்கும் நக்கினோம். அக்கா மட்டும் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ரெண்டு நாள் போவட்டும் பாய்" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரெண்டு நாள் கழித்துப் போய் நின்றபோது இலவசம் முடிந்திருந்தது. "லெக் பீஸோட தனியா எடுத்து வெச்சிருந்தேன்மா, வோணாம்னுட்டீங்களே" என்று பாய் வருத்தப்பட்டார். நான் சிரித்த சிரிப்பில் மிஷினிலிருந்து எழுந்துகொள்ளவே முடியவில்லை. அக்காவும் சிரித்தார். தன்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு அவர் யாரிடமும் ரெண்டு நாள் அவகாசம் கேட்டதில்லை.

ஏன் இப்படி என்று கேட்கிறவர்களுக்குக் காட்டுவதற்கு ஒரு போட்டோ வைத்திருந்தார். மற்ற பார்லர்களில் நடிகை படம் ஒட்டியிருக்கும் இடத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில், அவருடைய சொந்தக் கல்யாணப் போட்டோ. மாலைக்கு மேலே ஒரு முகம். முகம் என்று சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பூரி மாதிரி இருக்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு.

அவருக்குச் செம்பட்டை முடி. மணப்பெண்ணுக்குச் செம்பட்டை நல்லாவா இருக்கும் என்று யாரோ ஒரு சித்தி, கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பாக்கெட் சாயத்தை வாங்கித் தலை முழுக்கப் பூசிவிட்டார். மறுநாள் விடியற்காலையில் எழுந்தவர் கண்ணைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை.

"போட்டோகாரரு வந்து எம்மூஞ்சிக்கு நேரா நின்னுக்கினு, 'நேரமாவுது, பொண்ண இட்டாங்கம்மா'ன்றாரு. நான்தான் குத்துக்கல்லாட்டம் குந்திக்கினு கீறேன்" என்று சொல்லும்போது பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "தாலி கட்ட குனிஞ்சப்ப எங்கூட்டுக்காரரு காதாண்ட வந்து மெதுவா கேட்டாரு, 'நீதானா?'ன்னு. 'நான்தான்'னேன். குரல வெச்சி நம்பி கட்டிட்டாரு பாவம்."

அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். கம்பெனி பஸ் டிரைவர், பேசத் தெரியாத மனுஷன். அக்கா இந்தக் கதையைச் சொல்லும்போது பக்கத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரைக்கும்.

சங்கீதாவுக்குப் பத்தாவது படிக்கும்போதே நரைக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் அப்பா வழியில் அப்படித்தான். போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் லைனில் வேலை, வீடு பிள்ளைப்பாக்கத்தில் அம்மாவோடு. மாதத்துக்கு ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு பாக்கெட் டை அடித்துக்கொள்வாள். வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது. முன்பு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு எப்படியோ தெரிந்துபோய், "பொண்ணு வயச மறைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, வைத்த தாம்பூலத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் எந்த விசேஷத்துக்கும் வரமாட்டாள். வாய் மூடாமல் பேசுகிறவள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

இந்தத் தடவை வந்தவர் மறைமலை நகர் பக்கம் கார் கம்பெனியில் வேலை செய்பவர். நல்ல பையன், நல்ல அம்மா. பொண்ணு பார்த்து, நிச்சயமும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. இவளுக்கு ஒரு ஷிப்ட், அவருக்கு ஒரு ஷிப்ட், எல்லாம் போனில்தான். நரை விஷயத்தைச் சொல்லலாமா என்று அவள் கேட்டபோதெல்லாம் அம்மா வாயைப் பொத்தினார். கல்யாணத்துக்குப் பாக்கெட் டை வேண்டாம், பார்லரில் ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். அதனால் கொஞ்ச நாளாக அவள் வீட்டில் அடிக்காமல் விட்டிருந்தாள், வகிட்டில் வெள்ளை நன்றாக வளர்ந்திருந்தது.

"கண்டிப்பா மொதல்ல டெஸ்டுக்கு வரச் சொல்லு. மண்டபத்துக்குக் கெளம்பும்போது வந்து நின்னா நான் தொடக்கூட மாட்டேன்" என்று அக்கா சொல்லியிருந்தார். நான் முகூர்த்தப் புடவை விஷயமாகக் காஞ்சிபுரம் போய்விட்டு வந்த அன்று, "உன் தங்கச்சி வந்தா, வெச்சி அனுப்பிட்டேன்" என்றார். "நல்ல அடக்கமான பொண்ணு. வாயே தொறக்கல."

சங்கீதாவா வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணக் களை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது லீவு போட்டுவிட்டு அவள் வந்தாள். அக்கா கிண்ணத்தில் சாயத்தைக் கலந்து தயாராக வைத்திருந்தார். வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார வைத்து முடியை ஒதுக்கினார். பார்த்தார். இந்தப் பக்கக் காதையும் பார்த்தார். மறுபடி அந்தப் பக்கம் பார்த்தார்.

"இது அந்தக் காது இல்லியே" என்றார்.

"என்னக்கா சொல்றீங்க?" என்றாள் சங்கீதா. குரல் இறங்கிவிட்டது.

"அன்னிக்கு வந்த காதுல மூணு ஓட்டை. இதுல ஒண்ணுதான் கீது. யாருமே அது?"

அவள் உண்மையைச் சொன்னாள். அன்றைக்கு லைன் ஃபுல்லாக ஓடியது, சூப்பர்வைசர் விடவில்லை. ஷிப்ட் இல்லாமல் ஹாஸ்டலில் இருந்த தோழியைப் போகச் சொல்லிவிட்டாள்.

"லைன்ல நான் பாத்ரூம் போனா என் இடத்துல ரிலீவர் நிக்கிறதில்லையா? அது மாதிரிதான்கா இதுவும். அவளுக்கும் எனக்கும் ஒரே பிளட் குரூப்பு. அதைக் கேட்டுட்டுத்தான் அனுப்புனேன்."

அக்கா அவளையும் காதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். "காதுக்கு ரிலீவரு. எம்மா சாமி, காதுக்கு ரிலீவரு" என்று பிரியாணிக் கடை பாய்க்குக் கேட்கிற மாதிரி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். எல்லாம் முடிந்ததும் எழுந்து, கலந்து வைத்திருந்த சாயத்தைக் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, புதிதாக ஒரு பட்ஸை எடுத்தார்.

"காதைக் காட்டு. உன்னோடத."

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அக்கா, நாலு நாள்ல கல்யாணம்."

"அப்ப ரெண்டு நாள் தாராளமா கீது."

"அவ இத்தினி வருசமா வூட்டுல அடிச்சிக்கினுதான் கீறா. ஒண்ணும் ஆனதில்ல."

அக்கா என்னைக் கண்டுகொள்ளவில்லை. அவளிடம், "அடிச்சா அரிக்குமா?" என்று கேட்டார்.

"லேசா."

"போன தடவ?"

"அதுக்கு முன்னத்தத விட கொஞ்சம் ஜாஸ்தி."

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா பொட்டு வைத்தார். நான் அன்று தைத்த துணியையெல்லாம் பிறகு பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு கோபம்.

மறுநாள் விடிந்ததும் சங்கீதா ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். காது தடித்து, சிவந்து, பின்னால் சின்னச் சின்னக் கொப்புளமாக நீர் கட்டியிருந்தது. கழுத்து வரைக்கும் வீக்கம் இறங்கியிருந்தது. அக்கா கடையைப் பூட்டிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மாத்திரையும் ஆயின்மென்ட்டும் கொடுத்து, இனிமேல் இந்தச் சாயத்தின் பக்கமே போகக் கூடாது, தலை முழுக்கப் போட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பாய் என்று சொல்லி அனுப்பினார்.

அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு பதறியது நிஜம்தான். ஆனால் பதற்றம் அடங்கினதும் அடுத்த பதற்றம் வந்துவிட்டது. மண்டபத்தில் என்ன செய்வது? வேறு கம்பெனி சாயம் என்றேன். எல்லாவற்றிலும் இருப்பது அதே சரக்குதான் என்றார் அக்கா. மருதாணி என்றேன். "வெள்ளை முடியில செக்கச்செவேல்னு வரும். அந்தக் கறுப்பு மருதாணின்னு விக்கிறானே, அது இத விட மோசம். புண்ணுக்குப் பக்கத்துல எதையும் நான் வெக்க மாட்டேன்மே, நீ எவ்ளோ கத்துனாலும்."

கத்தினேன். அம்மா போனில் அழுதார். சங்கீதா மட்டும் பார்லர் ஸ்டூலில் உட்கார்ந்து ஆயின்மென்ட் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "அவங்களும் தட்ட எடுத்துக்கினு போய்ட்டா?" என்றாள். "மண்டபத்துல, எல்லாரும் பாக்க?"

அக்கா இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"மண்டபத்துல மொத்தமா காட்டுனாத்தான வம்பு. இப்பவே கொஞ்சமா காட்டு. அந்தப் பையனுக்கும் ஒரு டெஸ்டு வெச்சிப் பாத்துடலாம். இன்னும் நாள் கீது இல்ல?"

"வேணாம்" என்றேன் நான். "வேணாம்" என்று போனில் அம்மாவும் சொன்னார். சங்கீதா போனை எடுத்தாள். நீளமாக ஏதோ அடித்தாள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தினி எதுக்கு? கொஞ்சமா வை" என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, காதையும் அதைச் சுற்றியிருந்த வெள்ளை முடியையும் ஒரு போட்டோ எடுத்தாள். கீழே, "டை ஒத்துக்கல. இதுதான் என் நெஜமான முடி" என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

அனுப்பின கையோடு ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. அவ்வளவுதான். பதில் இல்லை.

ஒரு மணி நேரம் போயிற்று. மத்தியானம் போயிற்று. போன் பண்ணினால் ஸ்விட்ச் ஆஃப். என்னால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. "பாத்துட்டு பதில் போடலன்னா இன்னாக்கா அர்த்தம்?" என்று தடுப்பைப் பார்த்துக் கேட்டேன்.

"பாத்துட்டாருன்னு அர்த்தம்."

"உன்னாலதான் எல்லாம். நாமளா போயி குழியில வுழுந்த மாதிரி ஆச்சு."

"கம்முனு இருமே. தோலே ரெண்டு நாள் எடுத்துக்குது. மனுசன் எடுத்துக்கக் கூடாதா?"

இப்படித் தைரியமாகச் சொன்னவர்தான், அன்று முழுக்க அரை மணிக்கு ஒரு தடவை, "வந்துச்சா?" என்று தடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். புருவம் எடுத்துக்கொள்ள வந்த பெண் ஒன்று, "அக்கா, நூலு ரெண்டாவது தடவ அறுக்கிறீங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. சாயங்காலம் தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "நீ எங்கழுத்துல தாலி கட்டுறப்ப இன்னாதான் நெனச்ச, நெசமா சொல்லு" என்று அவரைக் குடைந்தெடுத்தார். அவர் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் இந்தப் பக்கம் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நான் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் ஐடி கார்டு, கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்து, மாப்பிள்ளை. பிள்ளைப்பாக்கம் வீட்டுக்குப் போய், அங்கே கேட்டுக்கொண்டு வந்தாராம். சங்கீதா பார்லருக்குள் மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நேராக அங்கே போனவர், 'பெண்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். நானும் ஓடிப்போய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"காது எப்டி இருக்குது இப்ப?" என்று வாசலிலிருந்தே கேட்டார்.

உள்ளே ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது.

"நேத்து கம்பெனி கேட்டாண்ட நிக்கறப்பதான் போட்டோ பாத்தேன். உள்ள போன் அலவ் இல்ல, லாக்கர்ல வெச்சிடணும். கல்யாண லீவு தர்றதுக்கு டபுள் ஷிப்ட் பாத்துட்டுப் போன்னு சொல்லிட்டாங்க. இப்பதான் வுட்டாங்க. டாக்டராண்ட போனீங்களா?"

"போனோம்" என்று நான்தான் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது. "தம்பி, முடி... நீங்க முடியப் பாக்கலியா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "முடியா? பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியுமேங்க. காதோரம் டை வுட்டுப் போயிருந்துச்சு. எங்கம்மாதான் மொதல்ல பாத்தாங்க. சரி, அவங்களா சொல்லட்டும், நாம கேக்கக் கூடாதுன்னாங்க." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி, "வர்ற வழியில அம்மாவுக்குப் போட்டோவ அனுப்புனேன். வாங்குன ஜிமிக்கி பெருசு, மாட்டல் வேற பின்னாடி உரசும், புண்ணுல வலிக்கும்னாங்க. முகூர்த்தத்துக்குச் சின்னத் தோடு போதுமான்னு கேட்டுக்கினு வரச் சொன்னாங்க."

நான் அழுதுவிட்டேன். ரோட்டில் நின்றுகொண்டு, பாய் பார்க்க, அழுதேன். என்ன வெட்கம்?

அந்தப் பார்லருக்குள் அதுவரைக்கும் ஓர் ஆண் கால் வைத்ததில்லை. அக்காவின் வீட்டுக்காரரே சாப்பாட்டுக் கூடையை வாசலில் நீட்டிவிட்டுத்தான் போவார். அக்கா வந்து திரையை ஓரமாக ஒதுக்கிப் பிடித்தார். அவர் முகமும் நனைந்துதான் இருந்தது.

"இன்னாத்துக்கு வெளிய நின்னுக்கினு விசாரிக்கிறீங்க? வாங்க தம்பி, வந்து நீங்களே பாருங்க."

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சங்கீதா தலையைக் குனிந்துகொண்டு, வெள்ளையும் கறுப்புமாக இருந்த முடியை ஒரு கையால் மூடப் பார்த்தாள். அக்கா அந்தக் கையை எடுத்துவிட்டு, காதை மட்டும் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். தொடலாமா கூடாதா என்று தெரியாமல், அடிபட்ட குழந்தைக்குச் செய்கிற மாதிரி, மெதுவாக ஊதினார். கூச்சம் தாங்காமல் சங்கீதா சிரித்துவிட்டாள்.

நான் மூக்கைச் சிந்திவிட்டு என் கடைக்குப் போனேன். முகூர்த்தப் பிளவுஸுக்குக் கொக்கி வைக்காமல் நேற்றிலிருந்து அப்படியே போட்டிருந்தேன். எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தைக்க ஆரம்பித்தேன்.